உபகாரத்துக்கு வந்த தலைவலி

எங்கள் மலையூரில் தலைவலிக்குப் பனிதான் குற்றவாளி. அதற்குமேல் யாரும் யோசித்துத் தொலைப்பதில்லை.

நாயுடுபுரத்தில் யூகலிப்டஸ் தைலம் காய்ச்சி விற்ற உபகாரம் அம்மாளுக்கு, 1983 மார்கழியில், அடுப்படியிலேயே மண்டை பிளக்கிற வலி வந்தது. மகள் புஷ்பமேரி அந்தத் தைலத்தையே சூடு பறக்கத் தேய்த்துப் படுக்க வைத்தாள். நினைவு தப்பிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

மூளையில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்துவிட்டது என்றார் டாக்டர். "குடும்பத்துல வேற யாரும் இப்படித் திடீர்னு போனாங்களா?"

"இல்லைங்க. சித்திய சோலைக்காட்டுல பேய் அடிச்சிருச்சு. தாய்மாமன் சாராயம் குடிச்சுட்டு விழுந்து செத்தாரு. ரெண்டு பேரும் தலை வலிக்குதுன்னு கத்திக்கிட்டேதான் சாஞ்சாங்க."

டாக்டர் அவளையே பார்த்தார். "உனக்குத் தலை வலிக்குமா?"

புஷ்பமேரி தலையில் மப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"அது பனிங்க."