ஒரு வருஷம் அக்காவோட போ

என் நாத்தனாரை வீட்டில் எல்லோரும் ஸ்பேனர் என்றுதான் கூப்பிடுவோம். நான் கல்யாணமாகி வந்த முதல் மாதமே வாஷிங் மெஷினில் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, புதுசு வாங்குங்க என்று சொல்லிவிட்டுப் போனான். பள்ளிக்கூட உடுப்பைக்கூட மாற்றாமல் அவள் மெஷினைச் சாய்த்து, அடியில் இருந்த பம்பைக் கழற்றி, உள்ளேயிருந்து என் புருஷனின் சாக்ஸ் ஒன்றை உருவி எடுத்தாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணி. அண்ணனைத்தான் மாத்தணும்."

அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

அவளுக்கு ஓர் அக்கா. மஞ்சள் காமாலையில் ஒரு வருஷம் வீணாகிவிட்டதால் அக்காவும் தங்கையும் ஒரே வகுப்பு. பெரியவள் பரம சாது. ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் தங்கையின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வாள். இரண்டு பேரும் ஜோடியாகப் போய் ஜோடியாக வர வேண்டும் என்பது மாமனார் போட்ட சட்டம். அவர் பஸ் டிரைவர். ஊரில் இருக்கிற ஆபத்தெல்லாம் தன் கண்ணாடி வழியாகத்தான் போகிறது என்று நினைப்பு.

கடைசி வருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பாலிடெக்னிக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். அங்கே ஒரு கூடம் முழுக்க முதுகைத் திறந்து வைத்த ஃப்ரிட்ஜுகளாம். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை. ஃப்ரிட்ஜ், ஏசி படிப்பு. முடித்தால் நேரே வேலை. உன் மார்க்குக்குக் கண்டிப்பாக இடம் கிடைக்கும் என்று அறிவியல் டீச்சரும் சொல்லிவிட்டார். கம்ப்ரஸர், கேஸ் என்று கேட்டுக் கேட்டு என் மாமியார் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாத குறை.

பெரியவளுக்குக் கிடைத்ததோ வணிகவியல் கல்லூரி. அது ஊரின் இந்தக் கோடி. பாலிடெக்னிக் அந்தக் கோடி. இரவுச் சாப்பாட்டின்போது மாமனார் ஆரம்பித்தார்.

"பெரியவ ரெண்டு பஸ் மாறித் தனியா எப்படிப் போவா?"

"கால் இருக்குல்லப்பா. ஏறிப் போவா."

"உனக்கு வாய் மட்டும் காது வரைக்கும் இருக்கு. இங்க பாரு, ஒரு வருஷம் அக்காவோட போ. அவளுக்குப் பழகிடும். அப்புறம் நீ அங்க போய்ச் சேர்ந்துக்கோ."

"நிஜமா விடுவீங்களா?"

"நான் எப்ப உன்கிட்ட பொய் சொன்னேன்?"

சொன்னதில்லை. அதுதான் வினை. பெரியவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாகப் போய்விடுவேன் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"மாமா, நாலு நாள் நான் அவளைக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கிடறேன். நாலு நாள் வேலைக்கு ஒரு வருஷமா?"

"நீ நேத்து வந்தவ. உனக்கு அவளைப் பத்தி என்ன தெரியும்?" என்றார் மாமியார். அதற்கு மேல் பேசினால் பேச்சு என் பிறந்த வீட்டுக்குப் போகும். நிறுத்திக்கொண்டேன்.

சின்னவள் வணிகவியலில் சேர்ந்தாள். வரவு, செலவு, இருப்பு. அக்காவின் பாடத்தையும் இவளே சொல்லிக்கொடுத்தாள். வருஷம் முடிவதற்குள் பெரியவளுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. படிப்பாவது ஒன்றாவது, கல்யாணம் முடிந்தது. பஸ் மாறத் தெரியாத பெண் தன்னந்தனியாக விமானம் மாறிப் புருஷனிடம் போய்ச் சேர்ந்தாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஸ்பேனர் அந்த வாரமே கேட்டாள். "அக்கா போயிட்டாளேப்பா. இப்ப நான் சேரலாமா?"

"பாதியில விட்டா நாலு பேர் என்ன நினைப்பாங்க? ஒரு வருஷம் படிச்சது தண்டமாப் போகும். டிகிரியை முடிச்சுடு. அப்புறம் உன் இஷ்டம், நான் குறுக்க வரமாட்டேன்."

அவள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. முடித்தாள். முதல் வகுப்பு. பிடிக்காததைக்கூட அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது.

ரிசல்ட் வந்த மறுநாள் காலையில் பாலிடெக்னிக்குக் கிளம்பினாள். மத்தியானம் திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றாள். பள்ளி முடித்து இரண்டு வருஷத்துக்குள் வருகிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம். விதியாம். கவுன்ட்டரில் இருந்த அம்மா, ஒரு வருஷம் முன்னால வந்திருக்கக் கூடாதா என்று கேட்டாளாம். அப்படி ஒரு விதி உண்டா என்று எங்களில் யாராவது முதலிலேயே ஒரு நடை போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. காய் வாங்கப் போனால் பத்துக் கடை விசாரிக்கிற வீடு இது.

மாமனார் வேலை முடிந்து வந்தார். "விடும்மா, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று தொடங்கினார்.

"வேண்டாம்னு சொல்லியிருந்தீங்கன்னா சண்டை போட்டிருப்பேன்பா" என்றாள். "சாப்பிடாம கிடந்திருப்பேன். நீங்க அப்புறம்னு சொன்னீங்க. நானும் சரின்னு இருந்துட்டேன்."

மறுநாள் மாமனார் டியூட்டிக்குப் போகாமல், டிரைவர் உடுப்போடு அந்தக் கவுன்ட்டரில் போய் நின்றிருக்கிறார். அவளுக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னார்.

"கேட்டுப் பார்த்தேன். முடியாதாம்."

"இதை அவகிட்ட சொல்லுங்க மாமா. நீங்க போய்க் கேட்டீங்கன்னு அவளுக்குத் தெரியட்டும்."

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். கடைசிவரை சொல்லவில்லை. அவர் காலமான பிறகு நான்தான் அவளிடம் சொன்னேன்.

இப்போது அவள் ஒரு மருத்துவமனையில் கணக்குப் பிரிவுக்குத் தலைவி. கை நிறையச் சம்பளம், கீழே நாலைந்து பேர். அவளுக்கு என்ன குறை என்றுதான் உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஆபீஸ் விட்டு வரும்போது அவள் முகத்தைப் பார்க்கிறவள் நான்தானே.

போன வாரம் டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன். "அப்பா மேல இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல அண்ணி. என்னை ஏமாத்தணும்னு அவர் நினைக்கல. ஏமாத்தியிருந்தா திட்டித் தீர்த்திருப்பேன். பாவம், அப்புறம் நேரம் இருக்கும்னு அவரும்தான் நம்பியிருக்காரு."

டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மாதக் கடைசி. கணக்கு முடிக்க வேண்டும், வர நேரமாகும் என்றாள்.