ஸ்டெப்னியில் மட்டும் உட்காரலாம்

திருவானைக்காவல் பக்கம் பழைய டயர்களை ஸ்டூலாகவும் பூந்தொட்டியாகவும் மாற்றித் தருகிற ஒருவரிடம் என் காரின் ஐந்து டயர்களையும் கொண்டுபோனேன். அவருடைய தொந்தியே ஒரு டயர் சுற்றளவு இருக்கும். ஒவ்வொன்றையும் டாக்டர் மாதிரி தட்டிப் பார்த்தார்.

“சமயபுரத்துல பூஜை போட்ட வண்டிங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப எலுமிச்சம்பழத்துல ஏறுன நாலும் தொட்டிதான். ஸ்டெப்னியை மட்டும் ஸ்டூலாக்கித் தரேன். அம்மனுக்கு வச்ச பழத்த நசுக்குனதுமேல உக்காரக் கூடாதுங்க.”

“அப்புறம் ஆறு வருஷமா சாணியத்தானே நசுக்குச்சு?”

“அது ரோடுங்க.”

சர்வீஸில் ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டதில் எது ஸ்டெப்னி என்று எனக்கே தெரியாது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ ஒன்றைக் காட்டினேன். அந்த ஸ்டூலில் இன்றுவரை ஓரமாகத்தான் உட்கார்கிறேன்.