குதிரைகள் ஒதுங்கி நடந்த இடம்

குதிரைகளுக்குக் கொள்ளு வெந்துகொண்டிருந்த சாயங்கால நேரத்தில் சேதி வந்தது. துரை பண்ணையை விற்றுவிட்டார். மரக்கடை முதலாளி தாணுமாலயன் பிள்ளை நாளைக் காலையில் வந்து இடத்தை ஏற்றுக்கொள்கிறார். சேதி சொன்ன குதிரைக்காரன், யாருக்கும் வேலை போகாதாம் என்று ஆறுதலும் சொன்னான். கொள்ளு அடிபிடித்தது தெரியாமல் தாசையன் நின்றான்.

சாஸ்தமங்கலத்துக்கு அப்பாலிருந்த அந்தப் பண்ணையில் வேலி கட்டுவது, புல் அறுப்பது, ஓடு மாற்றுவது எல்லாம் அவன்தான். லாயத்தை ஒட்டிய அறையே வீடு. வைசூரி கண்ட வருஷம் மனைவி எலிசாள் அந்த அறையில்தான் இறந்தாள். பாறசாலைப் பக்கம் அவன் ஆட்கள் செத்தவர்களைச் சொந்தத் தோட்டமான விளையில் அடக்குவார்கள். தாசையனுக்கு விளை ஏது? ஊருக்குக் கொண்டுபோகலாமென்றால் வைசூரிப் பிணத்தை ஏற்ற எந்த வண்டிக்காரனும் வரவில்லை. துரை மேய்ச்சல் வெளியில் ஓர் இடத்தைக் கைகாட்டினார். அவ்வளவுதான்.

முதலில் கல் அடுக்கி வைத்திருந்தான். ஒரு குதிரை இடறி விழுந்ததும் தானே கல்லை எடுத்து மண்ணைச் சமப்படுத்தினான். அதன்பின் குதிரைகளைத் தண்ணீருக்கு நடத்தும்போதெல்லாம் அந்த இடத்தைச் சுற்றியே நடத்தினான். நாளாக ஆக, கயிற்றைப் பிடிக்காமலே அவை ஒதுங்கி நடந்தன.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால், புது முதலாளி தோண்டி எடுத்துக்கொண்டு போ என்பாரோ? சொல்லாவிட்டால் நாளைக்கு யார் கடப்பாரை அங்கே இறங்குமோ?

காலையில் வந்த பிள்ளை நல்லபடியாகத்தான் பேசினார். குதிரைக்கு இருக்கிற காற்றோட்டம் தன் வீட்டில் தனக்கில்லை என்று சிரித்தார். பாதி இடத்தில் கடைக்கு வரும் மரத் தடிகளை அடுக்கவேண்டும், கிணற்றிலிருந்து லாயம்வரை வேலி போடு என்றார். முளை அடித்து, நேராகக் கயிறும் பிடிக்கவைத்தார். கயிறு அவள் மேலேயே போயிற்று. தாசையன் கிணற்றுப் பக்கமிருந்து குழி தோண்டத் தொடங்கினான்.

குளம்படித் தடத்தில் நடந்துவந்த பிள்ளை நின்றார்.

"எடே தாசையா, நேரே போற குதிரை இங்க மட்டும் எதுக்குடே வளையுது? பள்ளமும் இல்ல, பாறையும் இல்ல. அதுக்கும் கிறுக்கா?"

"நான் பழக்கினது, முதலாளி."

"எதுக்கு?"

கடப்பாரையைக் கீழே வைத்தான். "அங்க என் வீட்டுக்காரி கெடக்கா."

பிள்ளை சட்டென்று காலைப் பின்னுக்கு எடுத்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு, "தல எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

தாசையன் காட்டினான்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அவர் வண்டியேறினார். கயிற்றை மாற்றிக் கட்டுவதா, அப்படியே விடுவதா என்று கேட்கத் தாசையனுக்கு வாய் வரவில்லை. இரண்டு பக்கமிருந்தும் கம்பங்களை நட்டுக்கொண்டு வந்தான். நடுவில் இரண்டு குழிகள் மட்டும் தோண்டவில்லை.