டிவிக்குப் பின்னால் இரண்டு புள்ளிகள்

போன வாரம் என் மைத்துனன் குமார் அமெரிக்காவிலிருந்து போனுக்கு ஒரு விளையாட்டை அனுப்பியிருந்தான். தொட்டதும் ஓடியது. மேலிருந்து வண்ணக் குண்டுகள் இரண்டிரண்டாக விழுந்தன. ஒரே நிறத்தில் நான்கு சேர்ந்ததும் மறைந்தன. படம் உருளவில்லை, நிறம் போகவில்லை. எனக்குக் கவலையாகிவிட்டது. எதுவும் முதல் தடவையிலேயே ஒழுங்காக ஓடினால் எங்கோ கோளாறு என்று நினைக்கிறவன் நான். கை தானாகப் போனின் முதுகைத் தடவித் திருகைத் தேடியது.

அந்தத் திருகைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன குமார் முதல் விடுமுறையில் திண்டுக்கல்லுக்கு வந்தான். அவன் பையைத் திறந்ததும் வெளிநாட்டு சோப்பு வாசனை வீடு முழுக்கப் பரவியது. அந்த வாசனைக்குள்ளிருந்து எடுத்ததுதான் வீடியோ கேம் பெட்டி. கைப்பிடி இரண்டு, வயர் நான்கு, ஆட்டம் ஒன்று, இப்போது போனில் வந்த அதே வண்ணக் குண்டு ஆட்டம். "இதுக்கு எடம் விடணும்னு என் துணியில பாதிய அங்கேயே வச்சிட்டு வந்தேங்க்கா" என்றான் சரசுவிடம். சரசு என் மனைவி, அவனுக்கு அக்கா. அங்கத்திய மின்சாரத்துக்கு ஏற்ற டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கச் சொல்லிவிட்டு அன்றே சின்னாளபட்டியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

டிரான்ஸ்பார்மர் கிடைக்கப் பதினேழு நாள் ஆனது. அதற்குள் அவன் விமானமே ஏறிவிட்டான். மாட்டினோம். படம் வந்தது, ஆனால் நிற்கவில்லை, உருண்டுகொண்டே போனது. நிமிடத்துக்கு எத்தனை உருளல் என்று எண்ண உட்கார்ந்தேன். சிறுமலை பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவுகளை எண்ணி முடித்தவன் நான். இந்தப் படத்திடம் தோற்றுப்போனேன்.

டிவி மெக்கானிக் ஆரோக்கியம் வந்தார். "டிவி நல்லாத்தான் இருக்கு சார். அமெரிக்காவுல நொடிக்கு அறுபது தடவ படம் வரையும். நம்ம டிவி அம்பதுதான் வரையும்."

"மிச்சம் பத்து எங்கே போகுது?"

"எங்கயும் போகாம இடிச்சுக்கிட்டு நிக்கிறதாலதான் சார் உருளுது."

டிவியின் பின்பக்கம் இருந்த ஒரு சின்னத் திருகைத் திருப்பினார். படம் நின்றது, கறுப்பு வெள்ளையில். "கலருக்கு அவுங்க வழி வேற சார். இந்த டிவிக்கு அது புரியாது" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

அவர் தெரு முனையைத் தாண்டியிருக்கமாட்டார், தூர்தர்ஷன் போட்டால் செய்தி வாசிக்கிறவர் உருள ஆரம்பித்தார். அன்றிலிருந்து திருகைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சரசு நகப்பூச்சால் அதைச் சுற்றி இரண்டு புள்ளிகள் வைத்தாள். கடிகாரமாக நினைத்துக்கொண்டால், இரண்டு மணியில் இந்தியா, மூன்றரையில் அமெரிக்கா. "ஏங்க, அமெரிக்கா வைங்க" என்று அடுப்படியிலிருந்தே குரல் வரும். நான் டிவிக்குப் பின்னால் மண்டியிடுவேன்.

நிறமே இல்லாமல் நிறம் சேர்க்கும் ஆட்டத்தை எப்படி ஆடுவது? நான் நான்கு நாளில் விட்டுவிட்டேன். சரசு விடவில்லை. அவள் பிறந்தது சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் வீட்டில். தொட்டியிலிருந்து ஈரமாக எடுக்கும்போது எல்லாச் சேலையும் ஒரே கறுப்பாகத்தான் என் கண்ணுக்குத் தெரியும். அவளோ அந்த ஈரத்திலேயே, காய்ந்தால் எது என்ன நிறம் என்று சொல்லிவிடுவாள். அந்தக் கண்ணோடு திரையைப் பார்த்தாள். ஐந்து சாம்பலுக்கும் பெயர் வைத்தாள். வெளிறியதிலிருந்து தொடங்கி மாம்பழ மஞ்சள், ரோஸ், கிளிப்பச்சை, மயில்கழுத்து, அழுத்தமாக இருந்தது அரக்கு. அப்புறம் அவளை ஜெயிக்க ஆளில்லை.

குமார் மாதம் ஒரு தடவை போன் செய்வான். தவறாமல் கேட்பான், "கலர் நல்லா வருதாக்கா?"

"வருதுப்பா. அரக்கு ஜோரா இருக்கு."

வைத்ததும் நான், "இது ஒன்பதாவது பொய்" என்பேன்.

"துணிய விட்டுட்டுத் தூக்கிட்டு வந்த பிள்ளைகிட்ட கறுப்பு வெள்ளன்னு சொல்லச் சொல்றீங்களா? அவன் மொகம் எப்புடிப் போகும்?"

முப்பத்தெட்டுப் பொய் ஆனபோது அவன் மறுபடி விடுமுறையில் வருவதாகச் சொன்னான். வந்தால் ஆடாமல் விடமாட்டான். சரசுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆரோக்கியத்திடம் ஓடினேன். எல்லா நாட்டுப் படமும் கலரில் தெரியும் மல்டி சிஸ்டம் டிவி வந்துவிட்டது என்றார். குமார் வருவதற்கு முந்தின நாள் அதை வாங்கி மாட்டினோம். சரசுவிடம் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். "வெஞ்சனம் யாரு வைக்கிறது?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கேதான் தப்பு நடந்தது.

மறுநாள் காலை அக்காவும் தம்பியும் பாயில் உட்கார்ந்தார்கள். கலர் கொட்டியது. சரசு திணறினாள். அவளுடைய ரோஸ் பச்சையாக விழுந்தது, கிளிப்பச்சை ஊதா, மயில்கழுத்து சிவப்பு. ஐந்தில் ஒன்றுதான் சரி, மாம்பழ மஞ்சள். மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றாள்.

"என்னக்கா, அம்புட்டையும் மாத்தி மாத்திப் போடுற?"

"இந்த அரக்கு எங்கடா போச்சு?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

"அரக்கா? அது நீலம்க்கா. இதுல அரக்கே கெடையாது."

சரசு தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஃபேனைப் பார்த்து இறக்கைகளை எண்ணினேன். மூன்று. குமார் புது டிவியைப் பார்த்தான், அட்டைப்பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எத்தன நாளா மச்சான்?"

"மூணு வருஷம் ரெண்டு மாசம்" என்றேன். எண்ணிக்கை கேட்டால் எனக்கு மறைக்கத் தெரியாது.

அவன் ரிமோட்டை எடுத்தான், கலரைக் குறைத்துக்கொண்டே போனான். பூஜ்யத்தில் நிறுத்தினான். திரை சாம்பலாயிற்று.

"இந்தா, அரக்கு வருது பாருக்கா."

அதன்பிறகு ஒன்பது ஆட்டம். ஏழில் சரசு ஜெயித்தாள். "ஏலே, ரோஸ எங்க கொண்டுபோய்ப் போடுற?" என்று அவனை வைதபடியே ஆடினாள். அவனும் தெரியாத நிறங்களின் பெயரையெல்லாம் சொல்லிச் சொல்லித் தோற்றான்.

திருகு வைத்த டிவி போயிற்று, இரண்டு புள்ளிகளும் அதோடு போயின. மல்டி சிஸ்டமும் போயிற்று. ஆரோக்கியத்தின் கடையில் இப்போது போன் உறை விற்கிறார்கள். இன்று எந்த நாட்டுப் படமும் எந்த நாட்டுத் திரையிலும் சண்டையில்லாமல் ஓடுகிறது.

போனைச் சரசுவிடம் கொடுத்தேன். இரண்டு நிமிடத்தில் தோற்று, "இம்புட்டுக் கலர வச்சுக்கிட்டு மனுசன் எப்புடி ஆடுறது?" என்று திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் குமாரிடமிருந்து குரல் செய்தி வந்தது: "கலர் நல்லா வருதாக்கா?"

சரசு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனை வாயருகே வைத்தாள்.

"வருதுப்பா. அரக்கு ஜோரா இருக்கு."

முப்பத்தொன்பது.