உண்டியலில் போட்ட கிட்னி

என் வீட்டுக்காரருக்கு வலது கிட்னியில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. இப்போதே ஆபரேஷன் செய்தால் கட்டியை மட்டும் எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் கிட்னியோடு எடுக்க வேண்டிவரும் என்றார் டாக்டர். இவர் மாட்டேன் என்றார். ஸ்கேன் படத்தைக் காட்டினால், "ஒரே மேகமால்லா இருக்கு, இதுல என்னத்தப் பாக்க?" என்பார்.

ஒரு வியாழக்கிழமை போனபோது டாக்டர் மேஜைமேல் ஒரு பொருளை வைத்தார். ஸ்கேனில் உள்ளதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, மெஷினில் பிளாஸ்டிக்காக அச்சடித்ததாம். கிட்னி கண்ணாடி மாதிரி, ரத்தக்குழாய் நீலம், கட்டி மட்டும் குங்குமச் சிவப்பு.

"இது உங்களோட கிட்னியேதான் அண்ணாச்சி. வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லா பாருங்க. திங்கக்கிழமை முடிவு சொல்லுங்க. வரும்போது மறக்காம கொண்டு வாங்க, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்குக் காட்டணும்."

இவர் அதை வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. முத்தையாபுரத்தில் எங்கள் பலசரக்குக் கடையில், தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். சீனி வாங்க வந்தவர்களெல்லாம் கிட்னி பார்த்தார்கள்.

"இந்தா பாருங்க, இதான் ரத்தம் போற குழாய். கட்டி இன்னும் இதத் தொடல. தொடுததுக்கு முன்னால வெட்டிறணும். நாள் போச்சுன்னா முழுசும் போயிரும்."

டாக்டரைவிட நன்றாகவே சொன்னார். ஹார்பருக்கு லாரி ஓட்டுகிற ஒருவர் பயந்துபோய் மறுநாளே ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. "உங்களுக்கு என்னைக்கு அண்ணாச்சி ஆபரேஷன்?" என்று அவர் கேட்டதும் இவர் முகம் மாறிவிட்டது.

"எனக்கென்னல இப்ப? ஒனக்குப் பருப்பு எத்தன கிலோ, அதச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினேன். சாமி பார்வைக்குக் காட்டலாம் என்று கிட்னியையும் பையில் எடுத்துக்கொண்டேன். கண்ணில் நோய் என்றால் வெள்ளித் தகட்டில் செய்த கண், காலில் என்றால் கால் என்று உரு வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் வழக்கம். உரு விற்கிறவர் தட்டைத் துழாவிப் பார்த்தார்.

"கிட்னி கெடையாதுக்கா. வயிறு தரட்டா? கிட்னி அதுக்குள்ளதான இருக்கும்?"

வயிற்றைக் கொடுத்து, அப்புறம் வயிற்றுக்கு ஏதாவது வந்துவிட்டால்? கட்டி முதற்கொண்டு உள்ளபடியே செய்த உரு என் பையிலேயே இருக்கும்போது எதற்கு வேறொன்று? வாயகன்ற துணி உண்டியல். "முருகா, இது உனக்கு" என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டேன். திங்கட்கிழமை அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திரும்பும் பஸ்ஸில்தான் ஞாபகம் வந்தது.

கடையில் இவர் தேடிக்கொண்டிருந்தார். "ஏளா, எங்க என் கிட்னி?"

நடந்ததைச் சொன்னேன்.

"என் கிட்னிய என்னையக் கேக்காமலா குடுத்த?"

"கட்டியத்தாங்க குடுத்தேன். நேந்து குடுத்தாச்சு. இனி அது நம்மளது இல்ல."

"கூறுகெட்டவளே, கிட்னியும் அதோடல்லா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு!"

எனக்கு உயிரே இல்லை. வீட்டுக்கு ஓடி, சாமி படத்துக்கு முன்னால் நின்று, கட்டி மட்டும்தான் உனக்கு, கிட்னி எங்களுக்கு வேண்டும் என்று முருகனிடம் விளக்கமாகச் சொன்னேன். பின்னாலேயே வந்தவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

"சாமிக்குக் குடுத்தத நாம வச்சிக்கிட்டு இருக்கக் கூடாது," என்றார் கடைசியில். "கட்டிய எடுத்துற வேண்டியதுதான்."

திங்கட்கிழமை டாக்டரிடம் சம்மதம் சொன்னார். கிட்னி உண்டியலுக்குப் போனதை நான்தான் சொன்னேன். டாக்டர் சிரித்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருக்கிறதாம், வேறொன்று அடித்துக்கொள்ளலாமாம். பிறகு சுற்றி நின்ற பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? படத்த வச்சு எவ்வளவோ சொன்னேன், ஒத்துக்கல. மாடலக் கையில குடுத்ததும் நாலே நாள்ல புரிஞ்சுக்கிட்டாரு."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நாங்கள் மறுத்துப் பேசவில்லை. இவர் இன்னும் ஒரு படி மேலே போய், வெறுங்கையை மடக்கி வைத்துக்கொண்டு குழாய் எது, கட்டி எது என்று அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கினார். ஒரு தப்பில்லை.

கையெழுத்துக்குத் தாளை நீட்டினார்கள். பேனாவை வாங்கியவர் எழுதாமல் இருந்தார். அப்புறம் டாக்டர் பக்கம் குனிந்து, பிள்ளைகள் காதில் விழாதபடி கேட்டார்.

"ரொம்ப வலிக்குமா சார்?"

"முழிச்சதும் கொஞ்சம் வலிக்கும். மருந்து குடுப்போம்," என்றார் டாக்டர்.

இவர் என்னைப் பார்த்தார். நான் தாள் நகராமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். மெதுவாகக் கையெழுத்துப் போட்டார்.