ஐயாவை இரண்டு தரம் தூக்கிய கதை

தொலைக்காட்சி நாடகம் ஒன்றில் முதன்முதலாக என் முகம் வந்த மறுநாள் காலை, யாரும் அடையாளம் கண்டு தொல்லை தரக்கூடாது என்பதற்காகத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனேன். ஐம்பதைத் தொடப்போகும் ஒருவன் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள், செய்தேன். மரக்கறிப் பக்கம் ஒரு சுற்று, மீன் பக்கம் ஒரு சுற்று. ஒருவரும் தொல்லை தரவில்லை. தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. கடைசியில் கத்தரிக்காய் விற்றுக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னை உற்றுப் பார்த்தார். எனக்கு நெஞ்சு விரிந்தது. கண்ணாடியை மெல்லக் கழற்றி அவருக்கு முழு முகத்தையும் காட்டினேன். "தம்பிக்குக் கண்ணோயோ? அங்காலை நில்லுங்கோ, தொத்தும்" என்றார்.

அதற்கு முன்பு நான் மேடையில் தனியாக நின்று பகிடி விடுகிறவன். அதற்கும் முன்பு காப்புறுதிக் கம்பனியில் வேலை. சாவைப் பற்றிச் சிரித்த முகத்தோடு கதைத்துப் பழகியது அங்கேதான். எங்கள் பக்கத்தில் ஒருவன் மேடையில் தனியாக நின்றால் அது பிரசங்கம், இல்லாவிட்டால் அஞ்சலி உரை. மூன்றாவதாக ஒன்று இருப்பதை யாரும் கேள்விப்படவில்லை. அழைப்பிதழில் "நகைச்சுவை உரை" என்று போடுவார்கள். உரை என்றபடியால் மேசை வைத்து, அதற்குத் துணி விரித்து, மூடிய கிளாசில் தண்ணீரும் வைத்துவிடுவார்கள். நான் வந்து முதல் வேலையாக மேசையை ஓரத்துக்கு இழுப்பேன். கதிரை மேசை அடுக்குகிற ஆள் என்று நினைத்துச் சனம் தங்கள் பாட்டில் கதைத்துக்கொண்டிருக்கும்.

அதைச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது பிரதம விருந்தினர். முன்வரிசை நடுவில் யாரோ ஒருவர் வீட்டுச் சோபாவைக் கொண்டுவந்து போட்டு, அதில் அவரை இருத்துவார்கள். அவர் சிரித்தால்தான் சபை சிரிக்கும். பின்வரிசைக்காரர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய பிடரியைப் பார்ப்பார்கள். தோள் குலுங்கினால் தாங்களும் சிரிக்கலாம். அவர் எழுந்தால் மரியாதைக்குச் சபையும் எழும்பிவிடும். பகிடியைப் பற்றித் தடித்த தடித்த புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். ஒன்றிலும் இந்தப் பிடரியைப் பற்றி ஒரு வரி இல்லை.

என்னிடம் இருந்த சரக்கில் தேறக்கூடியது ஒன்றே ஒன்று. அது ஐயாவின், அதாவது என் தகப்பனின், செத்தவீடு.

ஐயா நீர்வேலியில் வாழை வைத்தவர். அவர் கண்ணை மூடியபோது அண்ணை கனடாவில். பனிப்புயலில் விமானங்கள் நின்றுவிட்டன. இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் செத்தவீடு என்றால் குருக்களுக்கு அறிவிக்கும் முன்பே நேரலை எடுக்கும் கமராக்காரருக்கு அறிவிக்கிறார்கள். கமரா வந்தது. அண்ணை அங்கிருந்து ஃபோனில் சொல்லிக்கொண்டே இருந்தார்: வெடித்த சுவரைக் காட்டவேண்டாம், புதுக் கேற்றைக் காட்டுங்கோ, பெரிய மாமியை முன்னுக்கு விடுங்கோ. நேரம் வந்து பெட்டியைத் தூக்கி, தெருவாசல் படலைக்குக் கிட்டப் போய்விட்டோம். முன்பக்கத் தோள் என்னுடையது. அப்போது கமராக்காரரின் ஃபோன் அடித்தது. நெட் நின்றுவிட்டதாம். தூக்கியதைக் கனடாவில் அவர்கள் காணவில்லையாம். "திருப்பி ஒருக்கால் தூக்குங்கோ" என்றார் அண்ணை.

வெளிக்கிட்ட பிரேதத்தைத் திருப்பிக் கொண்டுவரலாமா? தூக்கியவர்கள் குருக்களைப் பார்த்தார்கள். குருக்கள் படலையைப் பார்த்தார். "இன்னும் தாண்டேல்லைத்தானே, பிழையில்லை" என்று தீர்ப்புச் சொன்னார். ஆகவே ஐயாவைப் பந்தலுக்குக் கொண்டுவந்து இறக்கி, கமராக்காரர் கை காட்டியதும் மறுபடி தூக்கினோம். உயிரோடு இருந்த காலத்தில் எதையும் இரண்டாம் தரம் செய்யச் சொன்னால் செய்யாத மனிதர். பெரிய மாமி முதல் தரத்தைவிட இரண்டாம் தரம் நன்றாக அழுதார்.

இதில் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் கெட்டுவிடும்.

இதை நான் வட்டுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் சொன்னபோது யாரோ ஃபோனில் பிடித்துப் போட, அது எங்கெங்கோ சுற்றிக் கொழும்பில் நாடகம் எடுப்பவர் ஒருவரின் கையில் விழுந்தது. அவர் கூப்பிட்டு, பலசரக்குக் கடை முதலாளி வேடம் தந்தார். யார் வீட்டிலாவது நடந்த கெட்டதை வந்து சொல்லிவிட்டுப் போவதுதான் முதலாளியின் வேலை. பிறகு ஒரு திரைப்படம். அதில் பஸ் கொண்டக்டர். பருத்தித்துறை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கத்தினேன். படத்தில் என்னுடைய முழங்கை வருகிறது. அதற்குப் பிறகும் நாடகங்கள், சின்னச் சின்னப் படங்கள். நல்ல செய்தி கொண்டுவருகிற வேடம் இன்னும் கிடைக்கவில்லை. இயக்குநர்கள் "இன்னொருக்கால் எடுப்பம்" என்று சொல்லும்போது மற்ற நடிகர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். நான் சுளிப்பதில்லை. பெற்ற தகப்பனையே இன்னொருக்கால் எடுத்தவன்.

நாடகம் வந்ததும் எனக்கு மரியாதையும் வந்தது. மேடையில் நின்ற காலத்தில் என்னைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் திரும்பிய சொந்தக்காரர்கள் கலியாண வீடுகளில் பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். அண்ணை தன்னுடைய கோயில் ஆட்கள் எல்லோருக்கும் நாடகத்தை அனுப்பினார். அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டு, நடிப்பு மரியாதையான தொழில் என்றும், இனி மேடைப் பகிடியை விட்டுவிட வேண்டும் என்றும், முக்கியமாகச் செத்தவீட்டுக் கதை வாயில் வரக்கூடாது என்றும் சொன்னார். ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு அடுத்த வாரமே போய்ச் சொன்னேன். நாடகத்தில் ஒருவர் எழுதுகிறார், ஒருவர் எங்கே நிற்பது என்று காட்டுகிறார், இன்னொருவர் நெற்றியில் பவுடர் ஒற்றுகிறார். அங்கே நான் வாயை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மேடைதான் என் சொந்தக் காணி. அதன் எல்லையை இன்னொருவர் வந்து அளப்பதற்கு நான் விடுவதாயில்லை.

போன ஆண்டு அண்ணை ஊருக்கு வந்தார். எங்கள் சனசமூக நிலையக் கூரையைப் போட்டுக் கொடுத்தவர் என்பதால் ஆண்டு விழாவுக்கு அவர்தான் பிரதம விருந்தினர். அதே அழைப்பிதழில் அடியில் "நகைச்சுவை உரை" என்று நான். விழாவுக்கு முதல்நாள் பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்து மாம்பழம் வெட்டிக்கொண்டே கேட்டார்:

"நாளைக்கு என்ன சொல்லப்போறாய்?"

"வழமையானதுதான் அண்ணை."

"உந்தச் செத்தவீட்டுக் கதையோ?"

"ஓம்."

கத்தியைக் கீழே வைத்தார். "நான் அங்கை குசினிக்கை நிண்டு ஃபோனைப் பாத்து அழுதுகொண்டு நிண்டனான். எனக்குத் தோள் குடுக்கக் கிடைக்கேல்லை. தூக்கிறதையாவது பாப்பம் எண்டுதான் கேட்டனான். நீ அதை ஊருக்குச் சொல்லிச் சிரிப்புக் காட்டுறாய்."

அவர் சமையலறையில் நின்று அழுத கதை எனக்கு அதுவரை தெரியாது. அவர் சொன்னது நியாயம். நியாயமான ஆளோடு வாதாடுவதுபோலக் கரைச்சல் வேறில்லை. ஆனாலும் வாய் விடவில்லை.

"ரண்டுதரம் தூக்கினவன் நான், அண்ணை. அந்தச் செத்தவீடு எனக்கும் சொந்தம்."

"நீ சொன்னா நான் எழும்பிப் போயிடுவன். பிறகு இந்த வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டன். சொல்லிப்போட்டன்."

மாம்பழம் அப்படியே கிடந்தது. எனக்கு இருப்பது ஒரேயொரு அண்ணை. அவர் சொன்னால் செய்கிறவர். அந்தக் குணம் ஐயாவிடமிருந்து வந்தது. விட்டுவிடலாமோ என்று படுத்துக்கிடந்து யோசித்தேன். ஐயாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அண்ணை அச்சடித்து அனுப்பிய நினைவு மலர் வீட்டில் இருக்கிறது. அதில் ஐயா பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம், வாழும்போதே தெய்வம். அந்த ஆளை எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் அறிந்த ஐயா, படலை வரை போய்த் திரும்பிவந்து, பந்தலில் காத்துக்கிடந்த மனிதர். அந்தக் கதையை விட்டால் சிகரம்தான் மிஞ்சும். விடமாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

மறுநாள் சட்டையை அயன் பண்ணித் தந்த மனைவி, நீங்கள் விடமாட்டியள் என்று தெரியும், திரும்பி வரும்போது அண்ணையின் பெட்டிகள் வாசலில் நிற்கும் என்பதும் தெரியும் என்றார். நிலையத் தலைவர் மேடைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரதம விருந்தினர் எழும்பினால் சபை எழும்பும், சபை எழும்பினால் பரிசளிப்பு நடக்காது, உங்கடை பழைய வாழைக்குலைப் பகிடியைச் சொல்லி முடித்துவிடுங்கோ என்று கெஞ்சினார்.

நான் மேசையை ஓரத்துக்கு இழுத்துவிட்டுச் செத்தவீட்டில் தொடங்கினேன். குரலைத் தணிக்கவில்லை. கண்ணையும் எடுக்கவில்லை, அண்ணையைப் பார்த்தே சொன்னேன். பனிப்புயல், கேற், மாமி. சபை முழுதும் அவருடைய பிடரியில் கண். பிடரி அசையவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. ஃபோன் அடித்த இடம் வந்தபோது அண்ணை சோபாவின் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்து முன்னுக்குச் சரிந்தார். தலைவர் எழும்பத் தயாராகச் சால்வையைச் சரிசெய்தார். "திருப்பி ஒருக்கால் தூக்குங்கோ" என்றேன்.

அண்ணை அரைவாசி எழுந்தார். அப்படியே ஒரு கணம் நின்றார். பிறகு மெல்லத் திரும்பச் சோபாவில் இருந்தார்.

கடைசி வரிசையில் ஒரு பெண் சிரித்துவிட்டார், யாரையும் கேளாமல். பக்கத்தில் இன்னொருவர். குருக்களின் தீர்ப்பு வருவதற்குள் மண்டபம் முழுக்கச் சிரித்தது. பிடரியை ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் பிரதம விருந்தினரின் அனுமதி இல்லாமல் ஒரு சபை சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். அண்ணை சிரிக்கவில்லை. ஆனால் போகவுமில்லை. அவர் திரும்ப இருந்த அந்த இருப்பில் நான் எதையெல்லாமோ கண்டேன்: மன்னிப்பு, சகோதர பாசம், கலைக்கு ஒரு பெரிய மனிதன் கொடுக்கும் இடம். மிச்சக் கதையைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதுவும் நடிப்பென்று நினைத்துச் சனம் கைதட்டியது.

பரிசளிப்பும் நடந்தது. வீட்டுக்கு ஓட்டோவில் இருவரும் ஒன்றாகத்தான் வந்தோம். கோயிலடி தாண்டியதும் நான் மெல்ல ஆரம்பித்தேன்.

"அண்ணை, போகாமல் இருந்ததுக்குச் சந்தோசம்."

அவர் வெளியே பார்த்தபடி முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"போகத்தான் எழும்பினனான். உவங்கள் போட்ட சோபா அப்பிடியே பள்ளமாய்த் தாண்டு கிடந்தது, கால் விறைச்சுப்போச்சு."