இரண்டாவது கார் ரஃபி

ரேஸ் கார் மெக்கானிக்கிடம் யாரும் இன்ஜினைப் பற்றிக் கேட்பதில்லை; "யார் பெரிய டிரைவர்?" என்றுதான் கேட்பார்கள். டீவியில் ரேஸ் பார்த்துவிட்டு, ஜெயித்தது காரா ஆளா என்று நண்பர்களோடு சண்டை போட்டிருக்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

சிக்னல்

ரஃபியை உயிரோடு கடைசியாகப் பார்த்தது ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில். ஒரு காலத்தில் எங்கள் டீமில் முதல் கார் நவீனுக்கு, இரண்டாவது கார் இவனுக்கு. பிறகு ரேஸை விட்டுவிட்டுத் தாம்பரத்தில் பெயின்ட் கடை வைத்திருந்தான். அன்று ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே பெரிய பெயின்ட் டப்பாவோடு நின்றான். நான் காய்கறிப் பையோடு ஓரமாக நின்றிருந்தேன்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ரேஸ் பாக்க வரேன். பெரிய டிரைவர் நானா, நவீனா? இந்த வாட்டி சொல்லிடணும்" என்றான். வழக்கம்போல் சிரித்து வைத்தேன். பச்சை விழுந்தது. ஒரு ஷேர் ஆட்டோ அவனை உரசுகிற மாதிரி முந்திக்கொண்டு போனது. ரஃபி என் பக்கம் திரும்பிக் கத்தினான்: "அவன் வண்டி நல்ல வண்டிண்ணே!"

நெய்

டீம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கார், இரண்டு டிரைவர், நான். முதலாளிக்கு மறைமலை நகரில் உதிரிபாகத் தொழிற்சாலை. அவர் மகன் நவீனுக்கு முதல் கார். ரஃபியை அவன் வேகத்துக்காகச் சேர்த்துக்கொண்டார்கள். புது இன்ஜின் வந்தால் நவீன் காரில் ஏறும். அதிலிருந்து இறக்கியது ரஃபி காருக்குப் போகும். டயரும் அப்படித்தான். நவீன் ஜெயிப்பான், ரஃபி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வருவான். நவீன் மோசமான டிரைவர் என்றால் எனக்குப் பதில் சொல்வது சுலபம். அவனும் நன்றாகத்தான் ஓட்டினான்.

என் மனைவி சரோஜா ஒரே ஒரு தடவை ரேஸ் பார்க்க வந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது இதையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஒருத்தர் இலையில மட்டும் நெய் ஊத்தறீங்க. அப்புறம், யார் நல்லா சாப்பிட்டாங்கன்னு கேக்கறீங்க."

வெயில்

ஒரு பயிற்சி நாளில் ரஃபி நேராக முதலாளியிடம் போய், காரை மாற்றி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். அவர் நல்ல மனநிலையில் இருந்தார், சரி என்றுவிட்டார். மதிய வெயிலில் நவீன் தன் காரை ஓட்டி முடித்து இறங்கினான். அதே காரில் ரஃபி ஏறினான். நவீனைவிடச் சீக்கிரமாகச் சுற்றி வந்தான்.

ஆனால் அவன் ஓட்டும்போது மேகம் வந்து வெயிலை மூடிவிட்டது. காற்று குளிர்ந்தால் இன்ஜின் நன்றாக இழுக்கும், தரை சூடு இறங்கினால் டயர் நன்றாகப் பிடிக்கும். அந்த வித்தியாசம் மேகத்தாலா ரஃபியாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலாளி மட்டும் உடனே சொன்னார், வெயில் இறங்கிவிட்டது, இது கணக்கில் சேராது என்று. ரஃபி ஹெல்மெட்டைக் கழற்றியபடி என் காதருகே கேட்டான்: "இன்னாண்ணே, வெயிலும் அவங்க அப்பாவோடதா?"

லேப்டாப்

சரோஜா போன பிறகு ரஃபி ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை பேசத் தெரியாது அவனுக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு டீவியைப் போடுவான். எந்த நாட்டு ரேஸாக இருந்தாலும் இரண்டாவது டிரைவர் கட்சிதான். "அந்த சாம்பியனை இறக்கிட்டு இவனை ஏத்திப் பாரு" என்று டீவியோடு சண்டை போடுவான். நான் சும்மாவாவது எதிர்க்கட்சி பேசுவேன். வாரத்தில் அந்த ஒரு நாள் வீட்டில் குரல் கேட்கும்.

மாடியில் குடியிருந்த கார்த்திக் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். ஒரு நாள் அவரும் வந்து உட்கார்ந்தார். ஒரே டீமில் ஒரே மாதிரி கார் ஓட்டியவர்களை மட்டும் ஒப்பிட்டு, அவர்கள் வேறு டீமுக்குப் போய் யாரோடு ஓட்டினார்கள் என்று சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டே போனால், காரைக் கழித்துவிட்டு ஆளை அளக்கலாம் என்று லேப்டாப்பில் காட்டினார். ரஃபி நகர்ந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "தம்பி, என்னைப் போட்டா எங்க வருவேன்?"

கூட ஓட்டியவர் வேறு யாரோடாவது ஓட்டினாரா என்று கார்த்திக் கேட்டார். நவீன் வேறு எந்த டீமிலும் ஓட்டவில்லை, அப்பாவின் தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டான் என்றேன். இரண்டு பேரின் காரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொன்னேன். கார்த்திக் மரியாதையாகத்தான் சொன்னார்: "அப்போ உங்களை அளக்க வழியே இல்ல சார்."

கண்ணாடி

சிக்னலில் பார்த்த அதே வாரம், கடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ரஃபி எழுந்திருக்கவில்லை. அடக்கத்துக்கு நவீன் வந்திருந்தான். தலை முழுவதும் நரைத்துவிட்டது. எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு இருவரும் கேட் பக்கம் நின்றோம். ரஃபி கடைசிவரை என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்றேன். என்ன கேள்வி என்று நவீன் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "நீங்க நின்ன இடத்திலேருந்து நேர் ரோடு மட்டும்தான் தெரியும்ண்ணே. இன்ஜின் இழுக்கற இடம். அங்க நான் அவனை விட்டுட்டுப் போயிடுவேன். நீங்க பாக்காத வளைவுல எல்லாம், என் கண்ணாடி முழுக்க ரஃபிதான்."

இப்போது வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ரேஸ் பார்க்கிறவன் நான் ஒருவன்தான். ரஃபி மாதிரி நானும் இரண்டாவது டிரைவர் கட்சிதான்; மறுத்துப் பேச ஆளில்லாததால் நான் சொல்வதே தீர்ப்பு.